கூட்ஸ் வண்டி பார்க்க ஒரு முழு நாள்

பயணிகள் ரயிலைப் பார்க்கப் போகிறவருக்குக் கால அட்டவணை இருக்கிறது. கூட்ஸ் வண்டிக்குப் பெரும்பாலும் அது கிடையாது. சரக்கு ஏறி முடிந்ததும் கிளம்பும், பாதை கிடைத்தால் ஓடும், கிடைக்காவிட்டால் ஏதாவதொரு லூப் லைனில் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் பக்கப் பாதை) ஒதுங்கி நிற்கும். எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்காகக் காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்திருப்பது எனக்கு அலுத்ததே இல்லை. பதினாறு வருடமாக மாதத்தில் ஒரு நாளாவது இதற்கென்று ஒதுக்கிவிடுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இந்தியாவில் நிலக்கரி ஏற்றும் திறந்த வேகன் ஒன்று கப்ளிங்கிலிருந்து (வேகன்களை இணைக்கும் பூட்டு) கப்ளிங்குக்கு சுமார் 10.7 மீட்டர். ஒரு ரேக்கில், அதாவது ஒன்றாகக் கோத்த வேகன் வரிசையில், 58 வேகன். எஞ்சினையும் சேர்த்தால் சுமார் 650 மீட்டர் நீளம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது உங்களைத் தாண்ட 40 நொடி போதும். எஞ்சின் எண், வேகன் வகை, சரக்கு, எண்ணிக்கை, வேகம், படம், வீடியோ என்று எல்லாவற்றையும் அந்த 40 நொடிக்குள் பிடிக்க நினைத்தால் எதுவும் நிற்காது. அதனால் நான் வைத்திருக்கும் ஒரே விதி: ஒரு வண்டிக்கு ஒரு வேலை. இந்த வண்டியில் எண்ணுகிறேன் என்றால் எண்ண மட்டும்தான் செய்வேன். அடுத்ததில் ஸ்பிரிங்கை மட்டும் பார்ப்பேன். முழு நாள் இருக்கிறது, வண்டிகள் வந்துகொண்டே இருக்கும்.

இடம் தேர்வு செய்வதில் நான் ரொம்பக் கண்டிப்பு. ரயில்வே எல்லைக்கு வெளியே, பொதுமக்கள் போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். வேலி, மதில், எல்லைக்கல் எதையும் தாண்டக் கூடாது. அதற்குள் பார்த்தால் நல்ல இடம் மூன்று வகை. முதலாவது, பாதை ஏற்றமாக இருக்கும் இடம். பாரம் ஏற்றிய வண்டி அங்கே தவழ்ந்துதான் ஏறும், எண்களை நிதானமாகப் படிக்கலாம். இரண்டாவது, வளைவின் உள்பக்கம். எஞ்சினிலிருந்து கடைசி வேகன் வரை முழு வண்டியும் கண்ணுக்குள் அடங்கும். மூன்றாவது, லூப் லைன் உள்ள சிறிய ஸ்டேஷனுக்குச் சற்று வெளியே, சிக்னல் தெரியும் தூரத்தில். ஒரு முழு நாளுக்கு என் ஓட்டு எப்போதும் இந்த மூன்றாவதற்குத்தான். வேகமான ரயிலுக்கு வழிவிடக் கூட்ஸை அங்கேதான் நிறுத்துவார்கள். ஓடும் வண்டியைவிட நின்று கிளம்பும் வண்டியில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். மதியத்துக்கு மேல் பாதையின் மறுபக்கம் மாற வேண்டியிருந்தால் பாலம் வழியாகவோ கேட் வழியாகவோ மட்டும் மாறுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்ஸ் போய் முடிந்ததும் அதன் பின்னாலிருந்து எதிர்த்திசை வண்டி பாய்ந்து வரும். முதல் வண்டியின் இரைச்சலில் இரண்டாவதன் சத்தம் கேட்கவே கேட்காது. இரட்டைப் பாதையில் இதுதான் பெரிய ஆபத்து. வால் தாண்டியவுடன் எழுந்து நடக்கும் பழக்கம் வேண்டாம். பத்து நொடி உட்கார்ந்திருந்து இரண்டு பக்கமும் பாருங்கள். மின்மயமான பாதைகள் பலவற்றில் மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே பாயும். ஆகவே பாலத்தின் மேலிருந்து பார்க்கும்போது செல்ஃபி குச்சி, குடை, கயிறு கட்டிய கேமரா எதையும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டாதீர்கள். தார்ப்பாய் கட்டிய கயிறு அவிழ்ந்து வேகனுக்கு வெளியே சாட்டை போல வீசிக்கொண்டு போனதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். எட்டிப் பார்க்கும் தூரத்தில் நின்றவர் முகத்தில் அது பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நின்றிருக்கும் கூட்ஸுக்கு அடியில் குனிந்து மறுபக்கம் போவதை எந்த அவசரத்துக்காகவும், யார் கூப்பிட்டாலும் செய்யாதீர்கள். அது கிளம்புமுன் உங்களுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பாது.

கையில் இருக்க வேண்டியவை: கெட்டி அட்டை போட்ட சிறிய நோட்டு, இரண்டு பென்சில் (பேனா வியர்வையில் கலையும்), நொடி காட்டும் கடிகாரம், தண்ணீர், தொப்பி, மடக்கு நாற்காலி. பைனாகுலர் 8 மடங்கு போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கம் தெரியும்.

சரி, உட்கார்ந்தாயிற்று. முதல் ஒரு மணி நேரம் எதையும் எழுத வேண்டாம். காதைத் தீட்டுங்கள், சிக்னலைப் படியுங்கள். தானியங்கி சிக்னல் உள்ள பாதையில் ஒரு வண்டி சிக்னலைத் தாண்டியதும் அது சிவப்பாகும். வண்டி முன்னேற முன்னேற மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்று திரும்பி வரும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் நான்கு நிற சிக்னல் இந்த வரிசையில்தான் மாறும். சிவப்பிலேயே நெடுநேரம் நின்றால் முன்னால் போனவர் இன்னும் நகரவில்லை என்று பொருள். லூப்பில் ஒரு கூட்ஸ் நிற்கிறது, மெயின் லைன் சிக்னல் பச்சைக்கு மாறுகிறது என்றால் எக்ஸ்பிரஸ் ஒன்று தாண்டப்போகிறது. அது தாண்டிய பிறகு கூட்ஸின் முறை வரலாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்தப் பாதையின் தாளம் பிடிபட்டுவிடும்: எக்ஸ்பிரஸ்கள் கொத்தாகப் போகும், பிறகு ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் கூட்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக.

சத்தத்தில் வித்தியாசம் உண்டு. பயணிகள் ரயில் ஒரே மூச்சாக வந்து போய்விடும். பாரக் கூட்ஸ் வரும்போது முதலில் காலடியில் மண் அதிர்கிறது, அதற்கப்புறம்தான் காதுக்கு வருகிறது. காலி வண்டி இதற்கு நேர்மாறு. வெகு தொலைவிலேயே தகர டிரம்மை உருட்டுவது போலக் கேட்க ஆரம்பித்துவிடும், ஆனால் தரை அதிராது. கண்ணை மூடிக்கொண்டு பாரமா காலியா என்று சொல்லிப் பழகுங்கள். நான் முதல் ஆறு மாதம் இதை மட்டும்தான் செய்தேன்.

கண்ணால் உறுதிப்படுத்த ஒரு இடம் இருக்கிறது: போகியின் (வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) பக்கவாட்டில், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நிற்கும் சுருள் ஸ்பிரிங்குகள். காலி வேகனில் சுருளுக்குச் சுருள் இடைவெளி தெரியும், வெளிச்சம் கூட ஊடுருவும். பாரம் ஏறியதில் சுருள்கள் நெருங்கி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே இரும்புக் கட்டை போல இருக்கும். மூடிய வேகனுக்குள் சரக்கு இருக்கிறதா என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல வழியில்லை. ஒரு முறை நாற்பது வேகன் தாண்டிய மூடிய ரேக்கில் நடுவிலே ஒரே ஒரு வேகனின் ஸ்பிரிங் மட்டும் விரிந்திருந்தது. ஏன் அது மட்டும் காலியாகப் போனது என்று இன்றுவரை யோசிக்கிறேன். நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.

அடுத்தது எழுத்து. வேகனின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் நாள் முழுக்கப் பேச்சுத்துணை கிடைத்த மாதிரி. இந்திய வேகனில் பி.ஓ.எக்ஸ்.என். என்றால் திறந்த வேகன், நிலக்கரிக்கும் தாதுவுக்கும். பி.சி.என். மூடியது, நெல், அரிசி, சிமெண்ட், உரம் போகும். பி.டி.பி.என். பெட்ரோலிய டாங்கர். பி.ஓ.பி.ஆர்.என். அடிவயிற்றுக் கதவு திறந்து கொட்டுவது, அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுபோகும். பி.எல்.சி. கண்டெய்னர் சுமக்கும் தாழ்வான வேகன். முதலில் வரும் பி போகி வேகன் என்பதற்கு, கடைசி என் காற்று பிரேக் என்பதற்கு.

கீழே பதினோரு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது, 06 என்றால் தெற்கு ரயில்வே. அடுத்த இரண்டு தயாரித்த வருடம். அதன்பின் நான்கு வரிசை எண். கடைசி ஒற்றை இலக்கம் சரிபார்ப்பதற்கு. இந்தக் கடைசி இலக்கம் எனக்கு எப்படிப் பிடித்தமானது என்று சொல்கிறேன். ஒரு மழைக்கால மாலை, துரு வழிந்த வேகன் ஒன்றின் எண்ணை 10 06 08 1284 5 என்று எழுதிக்கொண்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, இரட்டை இடங்களில் (2, 4, 6, 8, 10) உள்ள இலக்கங்களைக் கூட்டினால் 20, அதை மூன்றால் பெருக்கினால் 60. ஒற்றை இடங்களின் கூட்டு 10. மொத்தம் 70. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு வேண்டுமோ அதுதான் கடைசி இலக்கம். இங்கே 70 தானே பத்தின் மடங்கு, ஆக 0 வர வேண்டும். வேகனில் இருந்ததோ தெளிவான 5. எங்கேயோ தவறு. 1284-ல் துரு மூடிய 8 உண்மையில் 3 ஆக இருந்தால்? ஒற்றை இடக் கூட்டு 5, மொத்தம் 65, மீதி 5. பொருந்திவிட்டது. நேரில் தவறாகப் படித்த ஒரு இலக்கத்தை, வேகன் போய் ஐந்து மணி நேரம் கழித்து அதன் எண்ணே திருத்திக் கொடுத்தது. அன்றிலிருந்து மங்கிய எண் எதையும் சரிபார்க்காமல் நோட்டில் ஏற்றுவதில்லை.

ஐரோப்பாவில் இதே வேலையைப் பன்னிரண்டு இலக்க எண் செய்கிறது. அதில் மூன்றாவது, நான்காவது இலக்கங்கள் நாடு: 80 ஜெர்மனி, 85 சுவிட்சர்லாந்து, 87 பிரான்ஸ். வட அமெரிக்காவில் எண்ணுக்கு முன் இரண்டிலிருந்து நான்கு எழுத்துகள் வரும். கடைசி எழுத்து எக்ஸ் என்றால் அந்த வேகன் ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமானதல்ல, தனியாருடையது.

கண்டெய்னருக்கு நாட்டு வித்தியாசமே இல்லை. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு இலக்கம், உலகம் முழுக்க ஒரே முறைதான். நான்காவது எழுத்து பெரும்பாலும் யு, சரக்குக் கண்டெய்னர் என்பதற்கு. அதற்குக் கீழே சின்னதாக நான்கு குறி இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். 22ஜி1 என்றால் 20 அடி நீளச் சாதாரணப் பெட்டி. 45ஜி1 என்றால் 40 அடி நீளம், ஒன்பதரை அடி உயரம். ஜி இருக்கும் இடத்தில் ஆர் இருந்தால் குளிர்பதனம், டி என்றால் டாங்க். குளிர்பதனப் பெட்டியின் ஒரு முனையில் இயந்திரத்தின் விசிறி தெரியும். குறியைப் படிப்பதற்குள் தாண்டிவிட்டால் விசிறியைத் தேடுங்கள்.

டாங்கர்களில் பல நாடுகளில் ஆரஞ்சு நிறத் தகடு மாட்டியிருப்பார்கள். மேல் வரி ஆபத்தின் வகை, கீழ் வரி பொருளின் நான்கு இலக்க எண். 1203 பெட்ரோல், 1202 டீசல், 1965 சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின். மேல் வரியில் 33 என்று ஒரே இலக்கம் இரட்டித்து வந்தால் ஆபத்து கூடுதல், அதாவது மிக எளிதில் பற்றக்கூடியது. டாங்கர் ரேக் பக்கத்தில் நிற்கும்போது ஏதாவது நெடி அடித்தால் வேடிக்கை பார்க்காமல் காற்று வரும் திசையை நோக்கி விலகிப் போய்விடுங்கள்.

வேகம் கணிக்க ஒரு சுலபமான வழி. வேகனின் நீளத்தை மீட்டரில் எடுத்து 3.6 ஆல் பெருக்குங்கள். அத்தனை நொடிகளுக்குள் எத்தனை வேகன் உங்களைத் தாண்டுகிறதோ, அதுவே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். 10.7 மீட்டர் வேகனுக்கு முப்பத்தெட்டரை நொடி. அந்த நேரத்தில் 45 வேகன் போனால் வேகம் 45. அவ்வளவு நேரம் எண்ண முடியாவிட்டால் பாதி நேரம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எதிரே ஒரு கம்பத்தைக் குறியாக வைத்துக்கொண்டு, கப்ளிங் அதைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று என்று எண்ண வேண்டும். கண் வண்டியின் பின்னால் ஓடக் கூடாது, கம்பத்திலேயே நிற்க வேண்டும். முழு ரேக்கை எண்ணும்போது நான் ஐந்து ஐந்தாக விரல் மடக்குவேன். 2001 ஜூனில் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் 682 வேகன்களோடு 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புத்தாது வண்டி ஓடியது, எட்டு எஞ்சின் பூட்டி. அதை ஓரமாக நின்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் ஏக்கம் உண்டு.

எண்ணும் பழக்கத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ஒரு நாள் கேட் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, தாண்டிய கூட்ஸில் பின்னாலிருந்து ஆறாவது வேகனின் சக்கரத்தில் நீலப் புகை வந்தது, கூடவே காய்ந்த இரும்பு வாடை. கேட்டில் இருந்தவரிடம் ஓடிப்போய் “பின்னாலிருந்து ஆறாவது, இந்தப் பக்கத்துச் சக்கரம்” என்று சொன்னேன். அவர் உடனே போன் போட்டார். அடுத்த ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திப் பார்த்ததில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததாம். எத்தனையாவது வேகன் என்று சொல்ல முடிந்ததால் அவர்களுக்குத் தேடும் வேலை மிச்சம். புகை, தொங்கும் சங்கிலி, திறந்து ஆடும் கதவு எதைப் பார்த்தாலும் இப்படி எண்ணிச் சொல்லுங்கள்.

சக்கரத்தில் தட்டையான இடம் இருந்தால் காதுக்கே தெரிந்துவிடும். பிரேக் பிடித்துச் சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் இழுபட்டால் அந்த ஒரு இடம் தேய்ந்துபோகும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி விழும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் சுற்றுகிறது. தடதடதட என்று வேகமாகச் சுத்தியல் அடிப்பது போலக் கேட்டால் அதுதான்.

மதியம் பெரும்பாலும் மந்தமாகத்தான் இருக்கும். பாதை பராமரிப்புக்காகச் சில மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தி வைப்பதுண்டு. நிழலுக்குப் போங்கள், சாப்பிடுங்கள், காலையில் எழுதியதைப் படித்துப் புரியாததைத் திருத்துங்கள். படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. எண்கள் தெளிவாக வேண்டுமென்றால் ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் போனைக் கம்பத்துக்கு எதிரே அசையாமல் நிறுத்தி வீடியோ எடுத்து வைத்தால் வீட்டில் மெதுவாக ஓட்டி எண்ணலாம், சத்தமும் பதிவாகியிருக்கும். படத்தில் சத்தம் இல்லை என்பதே எனக்குப் பெரிய குறை.

மாலையில் லூப் லைன் பக்கம் இருங்கள். நாளின் மிகச் சிறந்த காட்சி அங்கேதான், அதுவும் கண்ணைவிடக் காதுக்கு. பாரக் கூட்ஸ் ஒன்று அரைமணி நேரமாக நிற்கிறது. சிக்னல் மாறுகிறது. ஒரு ஹாரன். வண்டி நெடுகிலும் உஸ்ஸென்று காற்றுச் சத்தம், பிரேக்குகள் விடுகின்றன. எஞ்சின் ஒரு சாண் நகர்கிறது, முதல் கப்ளிங் டக் என்று இறுகுகிறது. அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு கப்ளிங்கிலும் கொஞ்சம் இளக்கம் இருப்பதால் எஞ்சினின் இழுப்பு வேகன் வேகனாகக் கைமாறிப் போகிறது. அந்த டக்-டக்-டக் தூரத்திலிருந்து உங்களை நோக்கி ஓடி வந்து, தாண்டி, வால்வரை போய் அடங்கும். நீங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால், எஞ்சின் நகர்ந்த பிறகும் உங்கள் எதிரே உள்ள வேகன் அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். மனிதரின் நான்கு விரல்கள் கோத்தது போலப் பூட்டிக்கொள்ளும் இந்தக் கப்ளிங்குக்கு அமெரிக்காவில் ஈலை ஜேனி 1873-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் வேகன்களுக்கு நடுவே நின்று கையால் ஊசி மாட்டிக் கை விரல்களை இழந்த தொழிலாளர்கள் ஏராளம். வேகன்களுக்கு நடுவே முறுக்குச் சங்கிலியும் இரண்டு பக்கமும் மோதலைத் தாங்கும் பஃபரும் உள்ள ஐரோப்பிய வண்டிகளில் இளக்கம் குறைவு, ஆகவே இந்த ஓட்டம் இவ்வளவு நீளமாகக் கேட்காது.

எந்த வண்டியானாலும் வாலைப் பார்க்காமல் நோட்டை மூடாதீர்கள். இந்தியாவில் கடைசி வாகனத்தின் பின்னால் பகலில் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசி வாகனம்) என்ற பலகையும் இரவில் சிவப்பு விளக்கும் இருக்கும். வட அமெரிக்காவில் 1980-களிலிருந்து வால் பெட்டியும் அதில் வரும் கார்டு என்ற ஊழியரும் போய், கப்ளிங்கில் மாட்டிய சிறு கருவி மினுக்கிக்கொண்டு பிரேக் குழாயின் காற்றழுத்தத்தை ரேடியோவில் எஞ்சினுக்குச் சொல்கிறது. ஸ்டேஷன் ஊழியர்கள் வால் அடையாளத்தைப் பார்ப்பது ஒரு காரணத்துக்காக: அது இருந்தால் வண்டி முழுதாக வந்துவிட்டது, பாதி வேகன் எதுவும் பின்னால் கழன்று நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே பெரிய நோட்டில் பிரதி எடுத்துவிடுங்கள். நேரம், திசை, எஞ்சின், வேகன் வகை, எண்ணிக்கை, பாரமா காலியா, வேகம். கடைசியில் ஒரு அகலமான பத்தியைக் காலியாக விடுங்கள். விடை தெரியாதவற்றுக்கு அது. என்னுடைய சென்ற மாதப் பக்கத்தில் அந்தப் பத்தியில் இரண்டு வரி இருக்கிறது: 16.42-க்குப் போன டாங்கர் ரேக்கில் முதல் வேகன் மட்டும் ஏன் காலித் திறந்த வேகன்? 17.20 கண்டெய்னர் வண்டி ஏன் ஹாரன் இரண்டு முறை அடித்தது? அடுத்த முறை போகும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன்.